மரச் சிறகுகள்: போர் விமானமும் மரக் கைப்பணிப் பரிசும் — ஒரு வரலாற்று நோக்கு

1878ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சீடர் றப்பிட்ஸ் நகரில், மதகுருவான மில்ற்றன் றைற் பயணமொன்றிலிருந்து வீடு திரும்பியபோது தம் மைந்தர் இருவருக்கும் ஒரு பரிசு கொணர்ந்தார். தக்கை, மூங்கில், கடதாசி ஆகியவற்றாலாகி, இறப்பர் நாடாவின் முறுக்கு விசையால் மேலெழும் சிறியதொரு பறக்கும் பொம்மையே அது. அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த மாதிரியைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. அவ்வேளை மூத்தவன் வில்பருக்கு வயது 11. இளையவன் ஓர்விலுக்கு வயது 7. பொம்மை உடைந்தபின் சிறுவர் அதனைப் போன்றவற்றைத் தாமே செய்து பார்த்தனர். அளவிற் பெரிதாகச் செய்தவை சிறியவற்றைப் போல எழுந்து பறக்கவில்லை. அதன் காரணத்தை அவர்கள் அறிந்துகொள்ள நெடுங்காலமாயிற்று. 1903 டிசம்பர் 17ஆம் திகதி கிற்றி ஹோக் மணற்பரப்பில் அச்சகோதரர் இருவரும் பறக்கவிட்ட விமானமும் பெரும்பாலும் மரத்தினால் ஆனதே. ஸ்புறூஸ் மரத்தாலும் ஆஷ் மரத்தாலும் சட்டமிட்டு, பருத்தித் துணியால் போர்த்தப்பட்டிருந்தது அது. எட்டரை அடி நீளமான அதன் உந்துவிசிறிகள் இரண்டையும் ஸ்புறூஸ் பலகைகளை ஒட்டிச் சேர்த்து, கைக்கோடரியாலும் இழைப்புக் கத்தியாலும் தம் கையாலேயே செதுக்கியிருந்தனர்.

விமானத்தின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதுகின்றனர். அன்றேல், வானிற் போரிட்டு மடிந்த வீரர்களின் கதையை எழுதுகின்றனர். தச்சன் அக்கதையில் இடம்பெறுவது அரிது. ஆயினும் விமானம் முதன்முதலிற் போர்க்கருவியாக உருவெடுத்த காலத்தில் அது தச்சனின் கைவேலையாகவே இருந்தது. அது உலோகமாக மாறியபின்னர் தச்சனின் கைக்குப் பரிசுப்பொருளாகவும், மேசைமேல் வைக்கும் நினைவுச் சின்னமாகவும், குழந்தையின் விளையாட்டுப் பொருளாகவும் திரும்பி வந்தது. அவ்வாறு திரும்பி வந்த பொருள்கள் வெறும் அலங்காரப் பொருள்களென ஒதுக்கத்தக்கனவல்ல. போரைப் பற்றி ஆவணக் களரிகள் சொல்லாத சிலவற்றை அவை சொல்கின்றன.

முதலாம் உலக மகாயுத்தம் 1914இல் மூண்டபோது பிரித்தானியாவிடமிருந்த விமானங்கள் சொற்பம். போரின் முதலாண்டிலேயே பெருந்தொகையான விமானங்கள் தேவைப்பட்டன. அவற்றை ஆக்கும் தொழிற்சாலைகளோ போதியனவாக இருக்கவில்லை. ஆனால் மரத்தை அறிந்த கைகள் அந்நாட்டில் ஏராளமாக இருந்தன. இலண்டனின் தொற்றன்ஹாம் பகுதியில் தளபாடங்கள் செய்துவந்த ஹரிஸ் லீபஸ் நிறுவனம் ஹான்லி பேஜ் குண்டுவீச்சு விமானங்களைச் செய்யும் பணியில் ஈடுபட்டது. செல்வர் மாளிகைகளுக்குத் தளபாடம் செய்த வேரிங் அன்ட் கில்லோ நிறுவனமும் விமானத் தொழிலுக்குத் திரும்பியது. நேற்றுவரை அலுமாரியும் கட்டிலும் கடைந்தவன் இன்று சிறகின் குறுக்குச் சட்டத்தை இழைத்தான். இரு பணிக்கும் வேண்டிய கருவிகள் ஏறத்தாழ ஒன்றே: சீவுளி, உளி, அரம், வச்சிரப்பசை. வேறுபாடு பிழையின் விளைவிலேயே இருந்தது. கட்டிற்காலின் பொருத்துப் பிசகினால் கட்டில் ஆடும். சிறகின் பொருத்துப் பிசகினால் ஓர் இளைஞன் இறப்பான்.

1914 நவம்பர் 21ஆம் திகதி ஜேர்மனியின் பிரீட்றிஷ்ஸ்ஹாபன் நகரிலிருந்த செப்பலின் ஆகாயக் கப்பற் கொட்டகைகளைத் தாக்கிய மூன்று சிறிய அவ்ரோ 504 விமானங்கள் இத்தகைய மர விமானங்களே. தாக்குதலுக்கு உகந்த காலம் விரைவிற் கடந்துவிட, அவ்விமானம் மாணவ வலவர்க்குப் பறக்கக் கற்பிக்கும் விமானமாயிற்று. 8,000க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. பின்னாளில் மரப் பொம்மைகளிலும் மாதிரியுருக்களிலும் விருப்போடு செதுக்கப்பட்டவை பெரும்பாலும் இவ்வகைச் சிறு விமானங்களேயாவதன் காரணத்தை இங்கே காணலாம். பெருங் குண்டுவீச்சு விமானத்தை ஒரு நாடு சொந்தங் கொண்டாடும். பயிற்சி விமானத்தையோ அதில் முதன்முதலில் ஏறிய தனி மனிதன் சொந்தங் கொண்டாடுகின்றான்.

மரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை விடுத்துக் கைப்பணியை மட்டும் பேசுவது அரைகுறையாகும். பாரமின்றியும் நார் நேராகவும் வலுவாகவும் உள்ள ஸ்புறூஸ் மரம் ஐக்கிய அமெரிக்காவின் பசுபிக் கரையோரக் காடுகளிற் செழித்திருந்தது. 1917இல் அமெரிக்கா போரிற் புகுந்தபோது அக்காடுகளின் மரவெட்டுத் தொழிலாளர், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை கோரிப் போராடிக்கொண்டிருந்தனர். அரசாங்கம் ஸ்புறூஸ் உற்பத்திப் பிரிவு என ஒரு படைப்பிரிவை அமைத்து, ஏறத்தாழ 30,000 படைவீரரைக் கோடரியுடனும் வாளுடனும் காட்டுக்கு அனுப்பியது. தொழிற்சங்கத்தின் செல்வாக்கைத் தகர்க்கும் நோக்குடன், மரத்தொழிலாளரின் விசுவாசச் சங்கம் ஒன்றும் இராணுவத்தின் அனுசரணையுடன் தோற்றுவிக்கப்பட்டது. விசித்திரம் யாதெனில், தொழிலாளர் நெடுநாள் கேட்டுப் பெறாத எட்டு மணி நேர வேலைநாளை 1918 மார்ச்சில் இராணுவமே வழங்க நேர்ந்ததுதான். விமானத்துக்கு மரம் வேண்டியிருந்தது. அதற்காக முதலாளிகள் விட்டுக்கொடுக்க வேண்டியவராயினர்.

சிறகின் துணியைத் தைத்தவரும் அதன்மேல் மெருகுத் திரவம் பூசியவரும் பெரும்பாலும் பெண்களே. துணியை இறுகச் செய்யும் அத்திரவத்திற் சேர்க்கப்பட்ட இரசாயனப் பொருளொன்றின் நச்சாவியால் போரின் முற்பகுதியில் தொழிலாளர் பலர் கடும் மஞ்சட் காமாலைக்கு ஆளாயினர், சிலர் இறந்தனர். போர்முனைக்கு ஒருபோதும் செல்லாத இப்பெண்களின் பெயர்கள் போர்வீரர் நினைவுத் தூண்களில் இடம்பெறுவதில்லை.

இனி உந்துவிசிறிக்கு வருவோம். இக்கட்டுரையின் பொருளுக்கு அதுவே மையமாகும்.

அக்கால உந்துவிசிறி பெரும்பாலும் மகோக்கனி அல்லது வால்நற் மரப் பலகைகள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக ஒட்டிச் செதுக்கப்பட்டது. ஒரே மரத்துண்டிற் செய்தால் ஈரத்திலும் வெயிலிலும் முறுகிவிடும். பல அடுக்குகளாயின் ஒன்றன் முறுகலை மற்றொன்று தடுக்கும். அடுக்குகளைக் குறுக்கே சாய்வாக வெட்டும்போது அவற்றின் விளிம்புகள் கருமையும் செம்மையுமான அலைக்கோடுகளாக மேற்பரப்பில் தோன்றும். அழகுக்காக எவரும் அதனைச் செய்யவில்லை. ஆயினும் தேர்ந்த தச்சன் செய்த தளபாடத்துக்கு ஒப்பான அழகு அதற்கு வாய்த்திருந்தது. சேற்று நிலங்களில் இறங்கிய அக்கால விமானங்கள் அடிக்கடி மூக்குக் குப்புறக் கவிழ்ந்தன. கவிழுந்தோறும் முதலில் உடைவது உந்துவிசிறியே. எனவே விமானப்படைத் தளங்களில் உடைந்த விசிறிகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. வலவர் உயிர் பிழைத்த விபத்தின் சாட்சியாக அவற்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர்.

உடைந்த அவ்விசிறிகளிலிருந்து செய்யப்பட்ட பொருள்கள் பல. விசிறியின் நடுப்பகுதியில் எஞ்சினின் அச்சு நுழையும் வட்டத் துவாரம் ஒன்றுண்டு. அத்துவாரத்தில் ஒரு மணிக்கூட்டைப் பொருத்தினால் அது அடுப்பங்கரை மாடத்தின்மேல் வைக்கும் மணிக்கூடாகும்; கண்ணாடியுடன் ஒரு முகப்படத்தைப் பொருத்தினால் படச்சட்டமாகும். இலைபோல் ஒடுங்கும் நுனிப்பகுதியை வெட்டி நிறுத்தி அதிலும் படம் பதித்தனர். எஞ்சிய துண்டுகள் கைத்தடியாகவும், புகையிலைப் பெட்டியாகவும், மைக்கூட்டுத் தாங்கியாகவும், கடித உறை கிழிக்கும் கத்தியாகவும் உருமாறின. விசிறியின் நடுவே எஞ்சினின் வகை, விசிறியின் விட்டம், வரைபட இலக்கம் என்பன முத்திரையிடப்பட்டிருந்தன. கைப்பணியாளர் அவ்விலக்கங்களை அழிக்காமல் வெளித்தெரியும்படி விட்டனர். மெருகிட்ட மணிக்கூட்டுச் சட்டத்தின் ஓரத்தில் அவ்விலக்கம் இன்றும் தெரியும் பொருள்கள் நூதனசாலைகளில் உள்ளன. அலங்காரப் பொருளொன்றிற் கறை போலத் தோன்றக்கூடிய அவ்விலக்கமே அப்பொருளின் உயிர்நாடி. அது இன்ன எஞ்சினுக்கு உரிய விசிறி என்பதற்கு வேறு சான்று இல்லை.

இத்தகைய பொருள்களை ஆங்கிலத்தில் பதுங்குகுழிக் கலை என்ற பொதுப்பெயரால் வழங்குவர். அவற்றை மானிடவியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்தவருள் நிக்கலஸ் சோன்டேர்ஸ் குறிப்பிடத்தக்கவர். இப்பொதுப்பெயர் சற்று மயக்கந் தருவது. பதுங்குகுழியில் இருந்தவாறு மகோக்கனி மரத்தை இழைத்து மெருகிட்டு மணிக்கூடு பொருத்த இயலாது. விமானப்படையின் திருத்தகங்களில் தச்சரும் பொறித்திருத்துநரும் ஓய்வு வேளையிற் செய்தவையும், போர் முடிந்தபின் கடைகளிற் கூலிக்குச் செய்விக்கப்பட்டவையும் இவற்றுள் அடங்கும். செய்தவன் ஒருவன், பயன்படுத்தியவன் வேறொருவன், பரிசாகப் பெற்றவள் பெரும்பாலும் ஒரு தாய் அல்லது மனைவி. ஆகவே, இதனைப் போர்வீரனின் கலை என்று மட்டும் கூறுவது பொருந்தாது. தச்சனின் கூலியும் வலவனின் நினைவும் ஒரு வீட்டின் துயரும் ஒரே மரத்துண்டிற் சந்திக்கின்றன எனலே சாலும்.

துயரம் என்ற சொல் இங்கு மிகையாகாது. அதே உந்துவிசிறி மரம் கல்லறைகளுக்குச் சிலுவையாகவும் ஆயிற்று. நான்கு இலைகளைக் கொண்ட விசிறியின் இலைகளைக் குறுக வெட்டினால் அது தானாகவே சிலுவை வடிவம் பெறும். 1918 ஏப்பிரல் 21ஆம் திகதி சுட்டு வீழ்த்தப்பட்ட ஜேர்மானிய வலவர் மன்பிறெட் வொன் றிச்தோபனை மறுநாள் பிரான்ஸிலுள்ள பேர்தாங்கிள் கிராமத்தில் அவுஸ்திரேலியப் படையினர் அடக்கஞ் செய்தபோது, அத்தகைய விசிறிச் சிலுவையே அவர் தலைமாட்டில் நடப்பட்டது. எதிரிக்குச் செய்யப்பட்ட மரியாதை அது. அதே நாட்களில் அவரது விமானத்தின் துணியையும் மரத்தையும் நினைவுப்பொருளாக வேண்டி வீரர்கள் துண்டு துண்டாகப் பிய்த்துச் சென்றனர் என்பதையும் மறைத்தலாகாது. றிச்தோபனும் இவ்வழக்கத்துக்குப் புறம்பானவரல்லர். தாம் வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வெள்ளிக் கிண்ணமெனப் பேர்ளினிற் செய்வித்து, அறுபது சேர்ந்தபின் வெள்ளித் தட்டுப்பாட்டினால் நிறுத்திக்கொண்டவர் அவர். எதிரி விமானங்களின் இலக்கங்கள் எழுதிய துணிகள் அவரது வீட்டுச் சுவர்களை அலங்கரித்தன. கொள்ளைப்பொருளுக்கும் நினைவுப்பொருளுக்கும் பரிசுக்கும் இடையிலான எல்லைக்கோடு அக்காலத்தில் மிக மெல்லியதாகவே இருந்தது.

போர் முடிந்தபோது விமானங்கள் திடீரென வேண்டாப் பொருளாயின. 1920இல் பிரித்தானியாவில் ஒரு நிறுவனம் ஏறத்தாழ 10,000 விமானங்களையும் 30,000 எஞ்சின்களையும் மொத்தமாக வாங்கி விற்பனை செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் ஜெனி எனச் செல்லமாக அழைக்கப்பட்ட கேட்டிஸ் பயிற்சி விமானங்களை முன்னாள் வலவர் மலிவாக வாங்கி, ஊரூராகச் சென்று வித்தை காட்டிப் பிழைத்தனர். பின்னர் உலோகம் மெல்ல மெல்ல மரத்தை வெளியேற்றியது. எனினும் சிறு விமானங்களில் மரம் உடனே ஒழிந்துவிடவில்லை. 1931 ஒக்டோபரில் முதன்முதற் பறந்த ரைகர் மொத் பயிற்சி விமானத்தின் உடல் உருக்குக் குழாய்களால் ஆனதாயினும் சிறகுகள் மரச் சட்டமும் துணிப் போர்வையும் கொண்டவை. அடுத்த ஆண்டு, 1932இல், பிரித்தானியாவில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வகுத்த ஸ்கைபேட்ஸ் என்னும் மர மாதிரியுருப் பொதிகள் விற்பனைக்கு வந்தன. உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவை அவை நிலைநாட்டின. ஆறடி நீளம் ஓரங்குலமாகச் சுருங்கும் அவ்வளவு, விளையாட்டுப் பொருளின் அளவாகத் தொடங்கிப் பத்தாண்டுக்குள் போர்க் கருவியின் அளவாக மாறிற்று.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் வான்போரில் ஒரு புதிய இடர்ப்பாடு தோன்றியது. வானிற் புள்ளியாகத் தோன்றும் விமானம் நண்பனுடையதா பகைவனுடையதா எனக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். ஈழத்து வாசகருக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து இரத்மலானை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள் அவற்றின் வழியில் அகப்பட்டு, ஆறுமே வீழ்த்தப்பட்டன. இரட்டைச் சிறகும் துணிப் போர்வையும் கொண்ட, காலங்கடந்த விமானங்கள் அவை. நான்கு நாட்களின் பின், ஏப்பிரல் 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது.

அதே 1942இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பாடசாலைகளிடம் ஓர் உதவி வேண்டியது. விமானங்களை இனங்காணப் படையினருக்குப் பயிற்சியளிக்கும் பொருட்டு, 50 வகை விமானங்கள், வகைக்கு 10,000 வீதம், மொத்தம் 5,00,000 மர மாதிரியுருக்கள் வேண்டும். பாடசாலைத் தச்சுப் பட்டறைகளில் மாணவர் அவற்றைச் செய்து தரவேண்டும். ஸ்கைபேட்ஸ் பொம்மைகளின் அளவாகிய எழுபத்திரண்டில் ஒன்றே இதற்கும் விதிக்கப்பட்டது. கணக்கு எளிது. அரை மைல் தொலைவிலுள்ள விமானம் கண்ணுக்கு எவ்வளவு தோன்றுமோ, அதே தோற்றத்தை 37 அடி தூரத்திற் பிடிக்கப்பட்ட மாதிரியுரு தரும். வகுப்பறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அத்தூரம் போதும். ஏறத்தாழ 12 மீற்றர் அகலமான யப்பானிய சீரோ விமானம் ஆறரை அங்குல மரத்துண்டாயிற்று. நிறமும் குறியும் கண்ணை ஏமாற்றக்கூடும் என்பதால் மாதிரியுருக்கள் முழுவதும் கரிய நிறம் பூசப்பட்டன. உருவக்கோடு ஒன்றையே வீரன் மனத்திற் பதிக்க வேண்டும் என்பது நோக்கம்.

பொம்மை விமானம் செய்வோர் வழக்கமாக விரும்பும் மென்மையான பல்சா மரம் அவ்வேளை மாணவருக்குக் கிட்டுவது அரிதாயிற்று. எக்குவடோர் நாட்டிலிருந்து வந்த அம்மரத்தைப் போர் உற்பத்தி விழுங்கிக்கொண்டிருந்தது. எனவே மாணவர் பைன் முதலிய உள்ளூர் மரங்களைச் செதுக்கினர். கடதாசி மட்டையிலான வார்ப்பு அச்சுகள் அவர்களுக்கு அனுப்பப்பட்டன. அச்சோடு பொருந்தாத மாதிரியுரு நிராகரிக்கப்பட்டது. ஏற்கப்பட்டவற்றின் எண்ணிக்கைக்கேற்பக் கடற்படைப் பதவிப் பெயர்களைத் தாங்கிய கௌரவச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

இத்திட்டத்தை நாட்டுப்பற்றின் இனிய கதையாக எழுதுவோர் பலர். அது அவ்வாறு மட்டும் நோக்கத்தக்கதன்று. பதினைந்து பதினாறு வயதுச் சிறுவர் ஜேர்மானிய, யப்பானிய விமானங்களையும் தம் நாட்டு விமானங்களையும் ஒரே பொறுமையுடன் செதுக்கினர். செதுக்கப்பட்டவற்றுட் சில, சுட்டு வீழ்த்தவேண்டியவற்றின் உருவங்கள். பிற, சுடாமல் விடவேண்டியவற்றின் உருவங்கள். பொம்மை செய்யும் பழகிய கைத்திறமை, கொல்வதா விடுவதா என முடிவு செய்யும் கல்விக்குத் துணைக்கருவியாயிற்று. அதேவேளை அக்கல்வியின் குறைவாலும் மனிதர் மடிந்தனர் என்பதையும் நேர்மையாக நோக்க வேண்டும்.

1942 நவம்பர் 9ஆம் திகதி வட ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலொன்றிலிருந்து மூன்று சிறிய பைப்பர் எல்-4 விமானங்கள் கரைநோக்கிப் புறப்பட்டன. 65 குதிரைவலு எஞ்சினுடன் மெதுவாகப் பறக்கும், துணி போர்த்த, ஆயுதமற்ற வேவு விமானங்கள் அவை. பீரங்கிப் படைக்குக் கண்களாக அமைவதே அவற்றின் தொழில். அவற்றைக் கண்ட அமெரிக்கக் கப்பல்களே அவற்றின்மீது சுட்டன. கரையை அணுகியபோது அமெரிக்கத் தரைப்படையும் சுட்டது. அடுத்த ஆண்டு யூலை 11ஆம் திகதி இரவு சிசிலித் தீவுக்குப் பரசூட் வீரரை ஏற்றிச்சென்ற 144 அமெரிக்க விமானங்களுள் 23 விமானங்களைத் தம் பக்கத்துப் பீரங்கிகளே வீழ்த்தின. சிசிலியில் நிகழ்ந்தது இருளில் நிகழ்ந்தது. கரிய மர உருவங்களைப் பார்த்துப் பழகிய கண் அங்கே பயன்பட்டிராது. ஆனால் முதல் நிகழ்ச்சி பகல் வெளிச்சத்தில் நடந்தது. கப்பலிலிருந்தோர் அறிந்திருந்தவை போர் விமானங்களின் உருவங்கள். வெட்டுக்கிளி என்று படையினர் கேலியாக அழைத்த இச்சிறு விமானத்தை அங்கே அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

மாணவரின் மர மாதிரியுருக்களின் ஆட்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. சிக்காகோ நகரின் குறூவர் நிறுவனம் அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் மாதிரியுருக்கள் விரைவிலேயே அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆயிரம் மாணவர் உளியால் செய்ததை ஓர் அச்சு செய்தது.

பிரித்தானியாவிற் கதை வேறு திசையிற் சென்றது. உலோகத்திற் பொம்மை செய்வது 1942இல் தடைசெய்யப்பட்டது. கடைகளிற் பொம்மைகள் அருகின. தீயணைப்புப் படையினர் அபாயச் சங்குக்காகக் காத்திருக்கும் வேளைகளிற் கழிவு மரத்தைக் கொண்டு விளையாட்டுப் பொருள்கள் செய்து குழந்தைகள் காப்பகங்களுக்கு அளித்தனர். முந்திய இரவு எரிந்த வீடுகளை அணைத்த கைகள் மறுநாட் பகலில் மரப் பொம்மைக்கு மெருகிட்டன. வீடுகளிலும் தந்தையரும் பாட்டன்மாரும் நத்தார்ப் பரிசாக விறகுக் கட்டையிலிருந்து விமானங்கள் செதுக்கினர்.

அதே நாட்டில் உண்மையான விமானமொன்றும் மரத்துக்குத் திரும்பியது. 1940 நவம்பர் 25ஆம் திகதி முதன்முதற் பறந்த மொஸ்கிற்றோ இலகு குண்டுவீச்சு விமானத்தின் உடல், பேர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பல்சா மரத்தை இட்டு, இரு பாதிகளாக அச்சில் வளைத்துச் செய்து பின்னர் ஒட்டப்பட்டது. அலுமினியம் தட்டுப்பாடான காலத்தில் தளபாடத் தொழிலாளர் மீண்டும் விமானத் தொழிலாளராயினர். இலங்கையருக்கு மொறட்டுவை எத்தகையதோ ஆங்கிலேயருக்கு ஹை விக்கம் அத்தகையது; கதிரைக்குப் பெயர்போன அவ்வூரின் பட்டறைகள் மொஸ்கிற்றோவின் பாகங்களைச் செய்தன. மொத்தம் 7,781 விமானங்கள் உருவாகின. ஆயின் மரத்தின் பழைய பலவீனமும் உடன் வந்தது. 1944இன் இறுதியில் இந்தியாவிற் பணியிலிருந்த மொஸ்கிற்றோக்கள் சிலவற்றின் சிறகுப் பொருத்துகள் விட்டுப்போய் உயிர்கள் பலியாயின; ஒட்டுவேலையின் குறைபாடு ஆராயப்பட்டது. பசை காய்ந்ததா என்று பார்ப்பது தச்சனின் முதற் பாடம். உற்பத்தி அவசரத்தில் அப்பாடம் எங்கெங்கு கைவிடப்பட்டதென்பதை வெப்பவலயத்தின் வெயிலும் ஈரமும் காட்டிக்கொடுத்தன.

எல்-4 விமானத்தின் கதையில் ஒரு சுவையான பாத்திரத்தை இங்கு விட்டுச்செல்ல மனம் ஒப்பவில்லை. இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த சாள்ஸ் காப்பென்ரர், பாடசாலையில் வரலாறு கற்பித்த ஆசிரியர், பெயரளவிலே தச்சர். வேவு பார்க்க மட்டுமே தரப்பட்ட தம் சிறு விமானத்தின் சிறகுச் சட்டங்களில் ஆறு பசூக்காக்களைக் கட்டி, 1944 செப்தெம்பரில் பிரான்ஸில் ஜேர்மானியக் கவச வாகனங்களைத் தாக்கினார். வரலாற்றாசிரியர் வரலாற்றிற் புகுந்த இந்நிகழ்ச்சி, இச்சிறு விமானத்தைப் பின்னாளிற் பொம்மைப் பிரியர்களின் செல்லப்பிள்ளையாக்கியது.

போரின் பின் பொம்மைச் சந்தையைப் பிளாஸ்ரிக் கைப்பற்றியது. எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவு மட்டும் மரத்திலிருந்து பிளாஸ்ரிக்குக்கு மரபுரிமையாகச் சென்றது. இலங்கையிலும் விமானப்படை 1951இல் நிறுவப்பட்டபோது முதற் பயிற்சி விமானமாக வந்தது சிப்மங்க். உருவத்திற் பழைய மொத் விமானங்களின் வாரிசெனினும் பெரும்பாலும் உலோகத்தினாலானது. மரம் வானத்தை விட்டு ஏறத்தாழ இறங்கிவிட்டது.

ஆயினும் அது இறங்கி வந்து சேர்ந்த இடம் ஒன்றுண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் பம்பங்கா மாகாணத்தில் ஸ்பானியர் காலந்தொட்டுத் தேவாலயச் சிற்பங்களையும் தளபாடங்களையும் செதுக்கிவந்த தச்சர் பரம்பரையினர் வாழ்கின்றனர். பேற்றிஸ் என்னும் ஊர் இதற்குப் பெயர்பெற்றது. அதே மாகாணத்தில் அமெரிக்கர் கிளாக் விமானப்படைத் தளத்தை அமைத்திருந்தனர். தளத்திற் பணியாற்றிய வலவர், மாற்றலாகியோ ஓய்வுபெற்றோ செல்லும் நண்பருக்குப் பரிசாக அளிக்க, அவர் ஓட்டிய விமானத்தை மகோக்கனி மரத்திற் செதுக்கித் தரும்படி அயலூர்ப் பட்டறைகளைக் கேட்டனர். வியற்நாம் போர்க்காலத்தில் அத்தளம் பெருகியதுடன் தேவையும் பெருகிற்று. புனிதர்களின் திருவுருவங்களுக்கு வாழ்வு கொடுத்த உளி, அந்நியனின் விமானத்துக்கும் வடிவு கொடுத்தது. இதனை அடிமைத்தனம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. கைப்பணியாளனுக்குக் கிடைத்த வருமானம் என்று மறு சொல்லில் முடித்துவிடுவதும் எளிது. செய்தவனுக்கு அது அன்றைய அரிசி. பெற்றவனுக்கு அது தன் இளமை. இரண்டும் ஒரே பொருளில் அடங்கியிருந்தன; பொருளின் விலையோ அவர்களுள் ஒருவனாலேயே தீர்மானிக்கப்பட்டது.

1991 யூனில் பினற்றூபோ எரிமலை வெடித்துச் சாம்பல் மழை பொழிந்தது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கர் கிளாக் தளத்தை விட்டு நீங்கினர். தளம் போயிற்று, தொழில் போகவில்லை. கடல் கடந்த வாடிக்கையாளர் இன்றும் பிலிப்பைன்ஸ் பட்டறைகளுக்கு வேலை கொடுக்கின்றனர். அவர்களுட் பலர் வலவரல்லர். வலவரின் மக்களும் பேரரும் ஆவர். தந்தை ஓட்டிய விமானத்தின் மங்கிய புகைப்படம் ஒன்றையும் அதன் வாலில் எழுதியிருந்த இலக்கத்தையும் அனுப்புகின்றனர். செதுக்குபவன் அவ்விமானத்தை ஒருபோதும் கண்டவனல்லன். 1942இல் அமெரிக்கப் பாடசாலைப் பட்டறைகளில் மட்டை அச்சை வைத்துச் சரிபார்த்த சிறுவரைப் போலவே அவனும் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்தை இழைக்கின்றான். ஒரு வேறுபாடு உண்டு. அச்சிறுவரின் உருவங்களுக்குக் கரிய வர்ணம் பூசப்பட்டது. இவனோ இலக்கத்தின் கடைசி எழுத்துவரை பார்த்து, மெல்லிய தூரிகையால் வாலில் எழுதுகின்றான்.